மூன்றே நாளில் ஏற்புக் கடிதம் வந்தால்…

நூலகர் பதில்கள்

(கல்லூரி நூலகராக இருந்து ஓய்வு பெற்ற நம் பத்தியாளர், ஆய்விதழ்கள் பற்றி வாசகர்கள் கேட்டவற்றுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறார்.)

கேள்வி: வணிகவியலில் பகுதிநேர முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். ஒரு ‘சர்வதேச’ ஆய்விதழுக்குச் செவ்வாய் இரவு கட்டுரை அனுப்பினேன். வெள்ளிக்கிழமை காலையிலேயே ‘ஏற்றுக்கொள்ளப்பட்டது’ என்று மெயில் வந்துவிட்டது. 2,800 ரூபாய் ஜிபே செய்தால் இந்த மாதமே வெளியிட்டு, சான்றிதழும் தருவார்களாம். இம்பாக்ட் ஃபேக்டர் 7.834 என்று இருக்கிறது. ஐ.எஸ்.எஸ்.என். எண்ணும் இருக்கிறது. நெறியாளர் “போட்டுவிடும்மா” என்கிறார். போடலாமா மேடம்?
– ஆய்வு மாணவி, திருச்சி

பதில்: போடாதீர்கள். ஜிபே செய்வதற்கு முன்னால் எழுதிக் கேட்டீர்களே, அந்த மட்டும் சந்தோஷம்.

செவ்வாய் இரவுக்கும் வெள்ளி காலைக்கும் நடுவில் உங்கள் கட்டுரையை யார் படித்திருப்பார்கள்? ஒழுங்கான இதழில் ஆசிரியர் முதலில் தான் ஒரு தடவை பார்ப்பார். பிறகு அந்தத் துறை தெரிந்த இரண்டு மூன்று பேரைத் தேடிப் பிடித்து, “பார்த்துச் சொல்ல முடியுமா” என்று கேட்பார். பல பேர் பதிலே போட மாட்டார்கள். ஒப்புக்கொண்டவர்களும் விடைத்தாள் திருத்தும் வேலை, வீட்டு விசேஷம் எல்லாம் முடிந்த பிறகுதான் உட்காருவார்கள். அப்படி வரும் பதிலிலும் ‘மாதிரி போதாது, மூன்றாம் அட்டவணைக்கும் முடிவுரைக்கும் பொருத்தமில்லை’ என்று பக்கம் பக்கமாகக் குறை இருக்கும். உங்களுக்கு வந்த மெயிலில், தலைப்பைத் தவிர, கட்டுரைக்குள் இருக்கும் எதைப் பற்றியாவது ஒரு வரி உண்டா? இல்லையென்றால் யாரும் படிக்கவில்லை.

அடுத்து அந்த 7.834. ஓர் இதழின் கட்டுரைகளை மற்ற ஆய்வாளர்கள் சராசரியாக எத்தனை தடவை மேற்கோள் காட்டுகிறார்கள் என்ற கணக்குதான் இம்பாக்ட் ஃபேக்டர். இம்பாக்ட் ஃபேக்டர் என்று உலகம் ஒப்புக்கொள்வது, கிளாரிவேட் நிறுவனம் ஆண்டுதோறும் வெளியிடும் ஜர்னல் சைட்டேஷன் ரிப்போர்ட்ஸில் உள்ள எண்ணைத்தான். 2023-இலிருந்து அவர்கள் புள்ளிக்குப் பின்னால் ஒரே ஓர் இலக்கம்தான் தருகிறார்கள். இன்றைய தேதியில் மூன்று இலக்கத்தோடு ஒருவர் எண்ணை நீட்டினால், அது பழைய எண், இல்லாவிட்டால் வேறெங்கோ வாங்கி ஒட்டியது. ‘குளோபல்’, ‘யுனிவர்சல்’ என்று முன்னால் ஒரு பெயரைச் சேர்த்துக்கொண்டு இம்பாக்ட் ஃபேக்டர் வழங்குகிற கடைகள் நிறைய இருக்கின்றன. கிளாரிவேட்டின் மாஸ்டர் ஜர்னல் லிஸ்ட் தளத்தில் யார் வேண்டுமானாலும் காசில்லாமல் தேடலாம். இதழின் பெயரைப் போட்டுப் பாருங்கள்.

ஐ.எஸ்.எஸ்.என். விஷயம் இன்னும் எளிது. தொடர்ந்து வெளிவரும் எந்த இதழுக்கும் கொடுக்கும் எட்டு இலக்க அடையாள எண் அது. இந்தியாவில் டெல்லியில் உள்ள சி.எஸ்.ஐ.ஆர். நிறுவனம் ஒன்று வழங்குகிறது. சமையல் இதழும் வாங்கலாம், சோதிட இதழும் வாங்கலாம். வண்டிக்கு நம்பர் பிளேட் இருப்பதால் ஓட்டுகிறவருக்கு லைசென்ஸ் இருக்கிறது என்று ஆகிவிடுமா? இணையத்தில் ஒவ்வொரு கட்டுரைக்கும் தனியாகக் கொடுக்கும் அடையாள எண்ணான டி.ஓ.ஐ.-யும் அப்படித்தான். அதிலும் சிலர் கொடுப்பது போலி எண். டி.ஓ.ஐ. தளத்தில் போட்டுப் பார்த்தால் கட்டுரை திறக்காது.

“இவ்வளவு பகிரங்கமாகவா ஏமாற்றுவார்கள்” என்று தோன்றும். 2013-இல் ஜான் போஹானன் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர் ‘சயின்ஸ்’ இதழுக்காக ஒரு சோதனை செய்தார். பாறையிலும் மரத்திலும் படரும் லைக்கனிலிருந்து எடுத்த ஒரு வேதிப்பொருள் புற்றுநோய்ச் செல்கள் வளராமல் தடுக்கிறது என்று ஒரு கட்டுரை தயாரித்தார். கட்டுரையாளர் கற்பனை, அவர் வேலை பார்க்கும் நிறுவனமும் கற்பனை. உள்ளே இருந்த தவறுகளைப் பிளஸ் டூ வேதியியலைத் தாண்டியவர் எவரும் பிடித்துவிடலாம். இணையத்தில் இலவசமாகப் படிக்கக் கிடைத்து, கட்டுரையாளரிடம் கட்டணம் வாங்கும் 304 இதழ்களுக்கு அது போனது. 157 இதழ்கள் ஏற்றுக்கொண்டன. மறுத்தவை 98. இந்தியாவிலிருந்து நடந்த இதழ்களில் மட்டும் 64 ஏற்பு, 15 மறுப்பு. நமக்குப் பெருமை இல்லை.

உங்கள் இதழின் ஆசிரியர் குழுவில் இருவரைத் தேர்ந்தெடுங்கள். இதழின் தளத்தில் கொடுத்திருக்கும் மெயில் முகவரி வேண்டாம். அவர்கள் பணிபுரியும் பல்கலைக்கழகத் தளத்துக்குப் போய், அங்குள்ள முகவரிக்கு எழுதுங்கள்: “இந்த இதழில் தாங்கள் இருக்கிறீர்களா?” என்று. “என் பெயரை யார் போட்டது?” என்ற பதில் வருவது அபூர்வமே இல்லை.

நெறியாளரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். அவர் பல பேரைக் கரையேற்ற வேண்டியவர், அவசரம் அவருக்கும் உண்டு. கிளாரிவேட் தேடல் பக்கத்தையும், ஆசிரியர் குழு உறுப்பினரின் பதிலையும் பிரிண்ட் எடுத்துக்கொண்டு போய், “சார், டாக்டரல் கமிட்டியில் யாராவது இதைக் கேட்டால் என்ன சொல்லட்டும்?” என்று கேளுங்கள். இன்னொன்று. ஆய்வேடு சமர்ப்பிக்கும் முன் கட்டுரை வெளியிட்டே ஆக வேண்டும் என்ற நிபந்தனையைப் பல்கலைக்கழக மானியக் குழு (யூ.ஜி.சி.) தன்னுடைய 2022 விதிமுறைகளில் எடுத்துவிட்டது. பல்கலைக்கழகங்கள் தங்கள் அளவில் வைத்துக்கொள்ளலாம், பல வைத்திருக்கின்றன. உங்கள் பல்கலைக்கழக விதி என்ன சொல்கிறது என்று ஆய்வுப் பிரிவில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ‘சீனியர் அக்கா சொன்னாங்க’ என்பதை நம்பிக் காசு கட்டியவர்களை நூலக மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து நிறையப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: காசு கேட்கும் ஆய்விதழ் எல்லாமே போலிதானா?
– வாசகர், ஈரோடு

பதில்: இல்லை. ‘நேச்சர்’ இதழில் கட்டுரையை எல்லாரும் இலவசமாகப் படிக்கும்படி வெளியிடக் கட்டுரையாளர் தரப்பில் 9,500 யூரோ என்று 2020-இல் அறிவித்தார்கள். அநியாய விலை என்பது என் கருத்து. ஆனால் அங்கே மதிப்பீடு நடக்கிறது, பெரும்பாலான கட்டுரைகள் திரும்பி வருகின்றன. கட்டணம் எவ்வளவு என்பது கட்டுரை அனுப்பும் முன்பே தளத்தில் இருக்கிறதா, ஏற்றுக்கொண்ட பிறகு தலையில் இறக்குகிறார்களா என்று பாருங்கள். நீங்கள் பேரம் பேசி அவர்கள் குறைத்தால் ஓடிவிடுங்கள்.

காசே வாங்காத நல்ல இதழ்களும் ஏராளம். சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தில் 2003-இல் தொடங்கிய டி.ஓ.ஏ.ஜே. என்ற, இலவசமாகப் படிக்கக் கிடைக்கும் இதழ்களின் பட்டியலில் பாதிக்கு மேற்பட்டவை கட்டுரையாளரிடம் எதுவும் வாங்குவதில்லை. ‘கட்டணம் இல்லாதவை’ என்று மட்டும் பிரித்துப் பார்க்கும் வசதி அங்கேயே இருக்கிறது.

கேள்வி: யூ.ஜி.சி.-கேர் பட்டியலை எடுத்துவிட்டார்கள். பதவி உயர்வுக்குக் கட்டுரை காட்ட வேண்டும். இனிமேல் எதை நம்பி அனுப்புவது? பட்டியல் இருந்தவரை நிம்மதியாக இருந்தது.
– உதவிப் பேராசிரியர், கோவை

பதில்: நிம்மதியாக இருந்தீர்கள், சரி. பட்டியல் நிம்மதியாக இருந்ததா?

2017-இல் யூ.ஜி.சி. முதன்முதலில் ‘அங்கீகரிக்கப்பட்ட இதழ்கள்’ என்று முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்களை வெளியிட்டது. பல்கலைக்கழகங்கள் பரிந்துரைத்த இதழ்களும் அதில் ஏறின. பரிந்துரை எப்படி நடந்திருக்கும் என்று நம் ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 2018 மே மாதம் 4,305 இதழ்களை ஒரே அடியாக நீக்கினார்கள். அதே ஆண்டு பூஷண் பட்வர்தனும் சகாக்களும் ‘கரன்ட் சயின்ஸ்’ இதழில் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். பல்கலைக்கழகப் பரிந்துரையால் உள்ளே வந்து, வேறு தரவுத்தளம் எதிலும் இல்லாத இதழ்களை ஆராய்ந்ததில் 88 விழுக்காடு தரம் குறைந்தவை என்று கண்டார்கள். அதன் பிறகுதான் புணே பல்கலைக்கழகத்தில் ஒரு பிரிவை வைத்துச் சலித்து, 2019 ஜூனில் கேர் பட்டியல் நடைமுறைக்கு வந்தது. அதையும் 2025 பிப்ரவரியில் நிறுத்தி, சில அளவுகோல்களைக் கொடுத்து, ‘கல்வி நிறுவனங்களே பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று விட்டுவிட்டார்கள்.

என் அபிப்பிராயத்தைக் கேட்டால், நிறுத்தியதில் தவறில்லை, நிறுத்திய விதம்தான் சரியில்லை. சரிபார்க்கும் வேலையைக் கல்லூரியிடம் கொடுத்தவர்கள், அதைச் செய்ய ஆளும் கொடுத்திருக்க வேண்டும். பல கல்லூரிகளில் நூலகர் பணியிடமே நிரப்பாமல் கிடக்கிறது.

இப்போது உங்களுக்கு உள்ள வழி: எந்த முத்திரையைக் காட்டினாலும், அந்த முத்திரையைக் கொடுத்தவரிடமே போய்க் கேட்பது. ஸ்கோபஸ் என்பது ஆய்விதழ்களைத் தேர்ந்தெடுத்துச் சேர்க்கும் ஒரு தரவுத்தளம். ‘ஸ்கோபஸ் இன்டெக்ஸ்டு’ என்று இதழின் தளத்தில் பெரிய எழுத்தில் இருந்தால் அது வெறும் படம். ஸ்கோபஸ் தளத்தில் ‘சோர்சஸ்’ பக்கம் சந்தா இல்லாமலே திறக்கும். இதழின் பெயரை விட ஐ.எஸ்.எஸ்.என். எண்ணைப் போட்டுத் தேடுங்கள், ஏனென்றால் ஒரே மாதிரிப் பெயர்கள் பல உண்டு. எந்த ஆண்டு வரை சேர்த்திருக்கிறார்கள் என்று பாருங்கள். ஸ்கோபஸ் சேர்ப்பதை நிறுத்திவிட்ட இதழைக் காட்டி இன்றைக்கும் காசு வசூலிக்கிறார்கள்.

இதையும் தாண்டி ஒரு வித்தை இருக்கிறது. நல்ல இதழின் பெயரையும் எண்ணையும் திருடி, அதே போல ஒரு தளத்தைக் கட்டிவிடுவது. ஆஸ்திரியாவில் கிளாகன்ஃபுர்ட் அருங்காட்சியகம் வெளியிடும் ‘வுல்ஃபெனியா’ ஒரு தாவரவியல் இதழ். அதன் பெயரில் போலித் தளம் திறந்து, எல்லாத் துறைக் கட்டுரைகளையும் வாங்கிப் போட்டுப் பணம் பார்த்தார்கள். ஸ்கோபஸ் பக்கத்திலேயே போலித் தளத்தின் முகவரி ஏறிவிட்ட சம்பவங்களும் நடந்திருக்கின்றன. இப்படிக் கடத்தப்பட்ட இதழ்களை திரும்பப் பெறப்படும் கட்டுரைகளைக் கண்காணிக்கும் ‘ரிட்ராக்‌ஷன் வாட்ச்’ தளம் 2022 முதல் ஒரு பட்டியலாகத் தொகுத்து வருகிறது. இலவசம். கட்டுரை அனுப்பும் முன் ஐந்து நிமிடம் அதில் செலவழியுங்கள்.

கடைசி வேலை எல்லாவற்றையும் விட எளிது, யாரும் செய்வதில்லை: இதழின் போன மாத வெளியீட்டைத் திறந்து, உங்கள் துறைக் கட்டுரைகள் இரண்டை முழுதாகப் படியுங்கள். ஒரே இதழில் சங்க இலக்கியமும் கறவை மாடும் நானோ துகளும் அடுத்தடுத்து இருந்தால் அங்கேயே மூடிவிடலாம்.

கேள்வி: தெரியாமல் ஒரு இதழுக்கு வேதியியல் கட்டுரை அனுப்பிவிட்டேன். பணம் கட்டவில்லை, எதிலும் கையெழுத்துப் போடவில்லை. ஆனாலும் தளத்தில் ஏற்றிவிட்டார்கள். திரும்பப் பெற வேண்டும் என்றால் 250 டாலர் கட்டச் சொல்கிறார்கள். இல்லாவிட்டால் கல்லூரி முதல்வருக்கு எழுதுவார்களாம். தூக்கம் வரவில்லை.
– ஆய்வு மாணவர், நாகர்கோவில்

பதில்: தம்பி, முதலில் தூங்குங்கள். முதல்வருக்கு அவர்கள் எழுதுவதற்கு முன் நீங்களே எழுதிவிட்டால் மிரட்டலில் பாதி போய்விடும். நெறியாளரிடமும் சொல்லிவிடுங்கள். ஒளித்து வைப்பதைத்தான் அவர்கள் காசாக்குகிறார்கள்.

பணம் கட்டாதீர்கள். 250 கட்டியவரிடம் அடுத்த வாரம் ‘புராசஸிங்’ என்று இன்னொரு தொகை கேட்பார்கள்.

நம் நாட்டுப் பதிப்புரிமைச் சட்டம், 1957, 19-ஆம் பிரிவைப் பாருங்கள். உரிமையை இன்னொருவருக்கு மாற்றித் தருவதென்றால் அது எழுத்தில் இருக்க வேண்டும், தருகிறவர் அல்லது அவர் அதிகாரம் கொடுத்தவர் கையெழுத்திட்டிருக்க வேண்டும். நீங்கள் கையெழுத்தே போடவில்லை. அப்படியானால் உரிமை உங்களிடம்தான் இருக்கிறது. ஒரே ஒரு மெயில் அனுப்புங்கள்: கட்டுரையை இன்ன தேதியில் திரும்பப் பெறுகிறேன், பதிப்புரிமையை மாற்றித் தரவில்லை, தளத்திலிருந்து நீக்கவும். கெஞ்சலும் வேண்டாம், கோபமும் வேண்டாம். பிரதியை நெறியாளருக்குப் போடுங்கள். அதன்பின் அவர்கள் எத்தனை மெயில் அனுப்பினாலும் பதில் போடாமல் எல்லாவற்றையும் சேமித்து வையுங்கள். தளத்தையும் தேதி தெரிகிற மாதிரி ஸ்க்ரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள்.

அவர்கள் நீக்காமலே இருக்கலாம், அதற்கும் மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். இந்தத் தொழிலில் இது பழைய வழக்கம். ஹைதராபாத்தை மையமாகக் கொண்ட ஓமிக்ஸ் என்ற ஆய்விதழ்ப் பதிப்பகத்தின் மீது அமெரிக்காவில் நுகர்வோர் நலன் காக்கும் அரசு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன் 2016-இல் வழக்குப் போட்டபோது சுமத்திய குற்றச்சாட்டுகளில் ஒன்று, கட்டுரையாளர்கள் திரும்பக் கேட்டாலும் கட்டுரையை விடுவதில்லை என்பது. மதிப்பீடு நடப்பதாகப் பொய், சம்மதமில்லாமல் பெரிய பெயர்களைக் குழுவில் போட்டது, கட்டணத்தை மறைத்தது என்று மற்றவையும் இருந்தன. 2019 மார்ச்சில் நெவாடா நீதிமன்றம் 50.1 மில்லியன் டாலர் கட்டச் சொன்னது.

கட்டுரையைத் திருத்தி வேறு நல்ல இதழுக்கு அனுப்பலாம். ஆனால் அனுப்பும்போதே முகப்புக் கடிதத்தில் நடந்ததைச் சொல்லி, திரும்பப் பெற்ற மெயிலை இணைத்துவிடுங்கள். சொல்லாமல் அனுப்பினால், எழுத்துத் திருட்டைக் கண்டுபிடிக்கும் சாஃப்ட்வேர் போலித் தளத்தில் இருக்கும் உங்கள் கட்டுரையைக் கண்டுபிடித்து உங்களையே திருடன் ஆக்கிவிடும். சில இதழாசிரியர்கள் மறுக்கலாம், அடுத்தவரிடம் போங்கள்.

பணம் ஏற்கெனவே கட்டிவிட்ட மற்றவர்களுக்கு: சைபர் குற்ற உதவி எண் 1930. எவ்வளவு சீக்கிரம் கூப்பிடுகிறீர்களோ அவ்வளவு நல்லது. கட்டி வருடக்கணக்கு ஆனவர்கள் அந்தப் பணத்தை மறந்துவிட்டுக் கட்டுரையைக் காப்பாற்றப் பாருங்கள்.

கேள்வி: எங்கள் பொறியியல் கல்லூரியில் ஆண்டுக்கு இரண்டு ஸ்கோபஸ் கட்டுரை காட்டாவிட்டால் இன்கிரிமென்ட் இல்லை. வாட்ஸ்அப் குழுவில் ‘இரண்டாம் ஆசிரியர் இடம் 12,000, ஐந்தாம் இடம் 6,000’ என்று வருகிறது. உண்மையான ஸ்கோபஸ் இதழ்தான், நானே சரிபார்த்தேன். அப்புறம் என்ன தப்பு?
– பெயர் வேண்டாம், சென்னை

பதில்: சரிபார்த்தது இதழை. விற்கிறவனைச் சரிபார்த்தீர்களா?

எழுதாத கட்டுரையில் பெயர் போட்டுக்கொள்வது மோசடி என்பது உங்களுக்கே தெரியும், இல்லாவிட்டால் ‘பெயர் வேண்டாம்’ என்று எழுதியிருக்க மாட்டீர்கள். அதனால் அந்தப் பிரசங்கத்தை விட்டுவிடுகிறேன். வேலைக்கு ஆகாது என்பதை மட்டும் சொல்கிறேன். 2021-இல் வைலி என்ற பெரிய பதிப்பகம் ஹிந்தாவி என்ற நிறுவனத்தை 298 மில்லியன் டாலருக்கு வாங்கியது. அதன் சிறப்பிதழ்களுக்குள் காசுக்குக் கட்டுரை தயாரித்து விற்கும் கட்டுரைத் தொழிற்சாலைகள் கூட்டமாகப் புகுந்திருந்தன. 2023-இல் மட்டும் 8,000-க்கு மேற்பட்ட கட்டுரைகளைத் திரும்பப் பெற்றார்கள். ஹிந்தாவி என்ற பெயரையே கைவிடுவதாக அறிவித்தார்கள். திரும்பப் பெற்ற கட்டுரை மறைந்துபோகாது. ‘ரிட்ராக்டட்’ என்ற முத்திரையோடு உங்கள் பெயரும் கல்லூரிப் பெயரும் அப்படியே இணையத்தில் நிற்கும். 6,000 கொடுத்து ஐந்தாம் இடத்தில் நின்றவருக்கும் அதே முத்திரைதான்.

ஆண்டுக்கு இரண்டு என்று கணக்குப் போட்ட நிர்வாகத்தின் மேல் எனக்குக் கோபம் அதிகம். வாரம் முழுக்க வகுப்பும் லேபும் வைத்துவிட்டு இரண்டு ஸ்கோபஸ் கேட்பவர்கள், அது எங்கிருந்து வரும் என்று தெரிந்தே கேட்கிறார்கள். இரண்டு மூன்று சகாக்கள் சேர்ந்து, சேர்ந்தே வேலை செய்து, ஆளுக்கொரு பங்கை எழுதி ஒரு நேர்மையான கட்டுரை தயாரிப்பது நடக்கக்கூடியது. இரண்டு இல்லை, ஒன்று. இன்கிரிமென்ட் ஒரு வருடம் போகும். போனால் போகட்டும் என்று நான் சொல்வது எளிது, எனக்குப் பென்ஷன் வருகிறது. ஆனாலும் அதைத்தான் சொல்வேன்.

கேள்வி: தமிழ் இலக்கியத்தில் ஆய்வு செய்கிறேன். எங்கள் துறைக்கு ஸ்கோபஸும் கிளாரிவேட்டும் சரிப்படவில்லை. தமிழ் ஆய்விதழ் என்று தேடினால் முகநூலில் வரும் விளம்பரங்கள்தான் கிடைக்கின்றன. கருத்தரங்கம் என்றால் கட்டுரையை வாசிக்கவே வேண்டாம், 700 ரூபாய் கட்டினால் ஆய்வுக்கோவையில் வந்துவிடும் என்கிறார்கள்.
– ஆய்வாளர், திருநெல்வேலி

பதில்: திருநெல்வேலியிலிருந்து இதைக் கேட்கிறீர்களே! உங்கள் ஊரில்தான் 1969-இல் பேராசிரியர் நா. வானமாமலை ‘ஆராய்ச்சி’ காலாண்டிதழைத் தொடங்கினார். நெல்லை ஆய்வுக்குழுவில் கட்டுரையை எல்லார் முன்னாலும் வாசித்து விவாதித்தார்கள். மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் ‘செந்தமிழ்’ 1902-இல் தொடங்கியது. இரண்டும் தொடங்கியபோது ஐ.எஸ்.எஸ்.என். என்ற ஏற்பாடே நடைமுறையில் கிடையாது. இன்றைக்கும் ஆய்வேடுகளின் அடிக்குறிப்பில் அவை வருகின்றன. வாசிக்காத கருத்தரங்கின் ஆய்வுக்கோவையை எந்த அடிக்குறிப்பில் பார்த்தீர்கள்?

உங்களுக்கான வழி அடிக்குறிப்புதான். உங்கள் தலைப்பில் நீங்கள் மதிக்கும் நான்கைந்து நூல்களை எடுங்கள். அவற்றின் துணைநூற் பட்டியலில் திரும்பத் திரும்ப வரும் இதழ்கள் எவை என்று குறித்துக்கொள்ளுங்கள். அவற்றில் இன்றும் வருபவை எவை, ஆசிரியர் யார் என்று தேடுங்கள். பல்கலைக்கழகத் தமிழ்த் துறைகளும் ஆய்வு நிறுவனங்களும் வெளியிடுபவை சில தேறும். ஆசிரியரைத் தொலைபேசியில் கூப்பிட்டு, “கட்டுரையை யாரிடம் காட்டுவீர்கள், எவ்வளவு காலமாகும்” என்று கேளுங்கள். நல்ல ஆசிரியர்கள் இந்தக் கேள்விக்குக் கோபப்படுவதில்லை. “பணம் கட்டியாச்சா?” என்று எதிர்க்கேள்வி வந்தால் வைத்துவிடுங்கள்.

அனுப்பும் முன் கட்டுரையை உங்கள் துறையில் ஒரு மாலை வாசியுங்கள். நான்கு பேர் போதும், ஒருவராவது எதிர்த்துப் பேசுகிறவராக இருக்கட்டும்.

கேள்வி: ஓய்வு பெற்ற விலங்கியல் பேராசிரியர் நான். ஒரு வெளிநாட்டு மருத்துவ இதழ் என்னை ஆசிரியர் குழுவில் சேர அழைத்திருக்கிறது. மருத்துவம் என் துறை இல்லை. ஆனாலும் மரியாதையாகத்தானே கேட்கிறார்கள்?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: போலந்தில் சில ஆய்வாளர்கள் ‘அன்னா ஸுஸ்ட்’ என்று இல்லாத ஒரு பெண்மணியை உருவாக்கி, பொய்ப் பட்டங்களோடு, ஒரு கட்டுரைகூட வெளியிடாத அவரை ஆசிரியராக்கச் சொல்லி 360 இதழ்களுக்கு விண்ணப்பித்தார்கள். 48 இதழ்கள் ஏற்றுக்கொண்டன. நான்கு இதழ்கள் தலைமை ஆசிரியராகவே ஆக்கிவிட்டன. 2017-இல் ‘நேச்சரில்’ இதை வெளியிட்டார்கள். கிளாரிவேட்டின் பட்டியலிலிருந்து எடுத்த 120 இதழ்களில் ஒன்றுகூட அவரைச் சேர்க்கவில்லை.

உங்களுக்கு உண்மையான பட்டமும் அனுபவமும் இருப்பதால் அவர்களுக்கு நீங்கள் இன்னும் லாபம். உங்கள் பெயரைப் பார்த்து உங்கள் பழைய மாணவர்களே கட்டுரையும் காசும் அனுப்புவார்கள். “இல்லை” என்று ஒரு வரியில் பதில் போடுங்கள். சில வாரம் கழித்து அந்தத் தளத்தை ஒரு தடவை திறந்து பாருங்கள். கேட்காமலே பெயரைப் போட்டிருந்தால், நீக்கச் சொல்லி எழுதி, பிரதியை நீங்கள் பணியாற்றிய கல்லூரித் துறைக்கும் அனுப்பி, அவர்கள் அறிவிப்புப் பலகையில் ஒட்டச் சொல்லுங்கள்.